வக்கீலம்மாவின் காரமெல்

முட்டையை உடைப்பதற்கு முன் அவள் அதைக் காதருகே கொண்டுபோய் மெல்லக் குலுக்குகிறாள். உள்ளே சளசளவென்று ஆடினால் அந்த முட்டை கீழே வைக்கப்படும். ஆடாவிட்டால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரே தட்டு. "சாட்சியை விசாரிக்காம கூண்டுல ஏத்த முடியுமாக்கா?" என்று ஜன்னல் வழியாக என்னைக் கேட்கிறாள். கேட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தோள்பட்டையால் மேலே தள்ளுகிறாள். விரலால் தள்ளமாட்டாள், விரலில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அவள் கண்ணாடியின் வலது பக்கம் எப்போதும் ஒரு நூல் உயர்ந்தே நிற்கும். அந்தக் கோணலில் உலகத்தைப் பார்ப்பதால்தான் அவளுக்கு எல்லாமே விவாதத்துக்கு உரியதாகத் தெரிகிறதோ என்னவோ.

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வீட்டில் வக்கீலம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு கை நீள வெளிச்சமும் இரண்டு வீட்டுத் துணிக் கொடிகளும்தான். அந்த வீட்டில் பால் பொங்கினால் நான் என் அடுப்பை அணைக்கிறேன்.

அவள் செய்வதெல்லாம் பிரெஞ்சு தேசத்து இனிப்புகள். பெரிய அடுக்கு கேக்குகளோ, சர்க்கரையில் கட்டிய கோபுரங்களோ இல்லை. கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் வைக்கும் காரமெல், சாக்லேட்டை உருக்கி முட்டை நுரையில் கலந்த மூஸ், காகிதம் போல மெல்லிய கிரெப், பாலில் மிதக்கும் நுரைத் தீவு. பால், முட்டை, சர்க்கரை இருந்தால் போதும் என்கிற ஏழை வீட்டு இனிப்புகள். பெயர்களில் மட்டும்தான் பட்டு உடுத்தியிருக்கும்.

பிரெஞ்சுக்கும் அவளுக்கும் உறவு ஏற்பட்டது ஒரு விபத்து. கல்லூரியில் ஏதாவது ஒரு அயல்மொழி எடுக்க வேண்டும் என்றார்கள். மற்ற வகுப்புகள் காலை ஏழு மணிக்கு, பிரெஞ்சு மட்டும் பதினொன்றுக்கு. காதல் பிறக்க இதைவிடச் சின்னக் காரணங்கள் போதுமாக இருந்திருக்கின்றன. ஆனால் தேர்வில் அவள் வாங்கியது முட்டை. முழு முட்டை. "சரி, கையில முட்டை இருக்கு, வேற என்ன பண்றது?" என்று பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த சமையல் குறிப்புகளைப் பிரித்தாள். ஏவல் வினைகளுக்குப் பயிற்சியாக அவற்றை அச்சிட்டிருந்தார்கள். அதனால் அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் கட்டளைகள்தான். அடி. உருக்கு. ஊற்று. கவிழ். நாளைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்து நின்றால், அவரை அடிக்கவும் உருக்கவும் கவிழ்க்கவும் மட்டுமே அவளால் முடியும். நலமா என்று கேட்க வராது.

அவள் அப்பா பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சமையலறைக்கும் பட்டறைக்கும் இடையே சுவரில் ஒரு திறப்பு, அதில் ஒரு கல் பலகை. ஒரு காலத்தில் உணவு பரிமாற வைத்த வழி. இப்போது அந்தப் பக்கம் இளஞ்சிவப்பு மெழுகும், ரப்பர் கிண்ணத்தில் குழைத்த பிளாஸ்டரும், சிறிய நெருப்பும். இந்தப் பக்கம் சாக்லேட்டும், குழைத்த மாவும், பெரிய நெருப்பும். இரண்டு பேரும் உருக்குகிறார்கள், அச்சில் ஊற்றுகிறார்கள், வேகவைக்கிறார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்க்கிறார்கள். பட்டறை அலமாரியில் எங்கள் தெருவில் பாதிப் பேரின் வாய் பிளாஸ்டரில் திறந்து கிடக்கிறது. யாருக்கு எந்தப் பல் கோணல் என்பது தெரிந்தும் அவர் தெருவில் தலை குனிந்தே நடப்பார். அவ்வளவு நல்ல மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் வீட்டில் அதற்கென்று தனியாக ஒருவர் சட்டம் படிக்கிறார்.

அவள் அம்மாவுக்கு மின்வாரியத்தில் புகார் வாங்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்கத் தொலைபேசியில் திட்டு வாங்கிவிட்டு வருகிறவர். வீட்டில் யார் எந்தக் குறையைச் சொன்னாலும், "பதிவு பண்ணிட்டேன், ஆள் வருவாங்க" என்பார். ஆள் வந்ததில்லை.

பல் இல்லாதவர்கள்தான் வக்கீலம்மாவின் முதல் ரசிகர்கள். பழைய செட்டைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் பொக்கை வாயோடு முன்னறையில் காத்திருப்பவர்களுக்கு அவள் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்பாள். "பல்லு இருக்கறவங்க மொறுமொறுன்னு சத்தம் கேட்டாலே நல்லா இருக்குன்னுடுவாங்கக்கா. இவங்களை ஏமாத்த முடியாது. நாக்கு மட்டும்தான் இருக்கு" என்பாள். நாக்கு மட்டுமே உள்ளவர்கள் கிண்ணத்தை வழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உயர்நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்ததைப் போலிருக்கும்.

ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பட்டறை இருந்தால் வம்பு வராமலா போகும்? ஒருநாள் அப்பா அவளுடைய பொடித்த சர்க்கரையைப் பிளாஸ்டர் என்று நினைத்து ரப்பர் கிண்ணத்தில் கரைத்துவிட்டார். இறுகவில்லை. மறுபடி கரைத்தார். இறுகவில்லை. பொடி கம்பெனிக்குத் தொலைபேசி செய்து பணிவாகப் புகார் சொல்லிவிட்டு, சந்தேகத்தில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார். இன்னொரு நாள் அவள் அவருடைய மெழுகுக் கத்தியால் சாக்லேட்டைச் சீவினாள். அடுத்து வந்த அம்மையாரிடம் அதே கத்தியால் வெட்டிய மெழுகைக் கொடுத்து "கடிங்கம்மா" என்று அளவெடுத்தால், அவர் கடித்துவிட்டு விடவில்லை. மென்றுகொண்டே இருந்தார்.

அன்றைக்குத்தான் அப்பா தன் வாழ்வின் ஒரே சட்டத்தை இயற்றினார்.

"இனி ஒரு தடவை உன் சாமானும் என் சாமானும் கலந்துச்சுன்னா, அடுப்பை மறந்துடு. புத்தகத்தை எடுத்து வெச்சுப் படி."

"கலந்தது யாருன்னு விசாரிச்ச பிறகா, விசாரிக்காமலேயா?"

அப்பா யோசித்தார். "விசாரிச்ச பிறகுதான்."

"அப்போ சரி" என்று அவள் சாக்லேட்டைச் சீவப் போனாள், வேறு கத்தியால்.

அப்பாவின் வாடிக்கையாளர்களில் தலையாயவர் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் ஒரு வார்த்தை சொன்னதால்தான் ஓய்வுபெற்ற நீதிமன்ற உலகம் பாதி இந்த முன்னறைக்குப் பல் தேடி வந்தது. அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அது மொத்தமும் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும். அவருடைய மேல்வரிசைப் பல்செட்டில் விரிசல். பேத்தி கல்யாணத்தில் அவர் வாழ்த்திப் பேச வேண்டும். அப்பா இரண்டு நாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து விரிசலை ஒட்டி, தேய்த்து, மெருகேற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்துப் போல இருந்தது.

விதி அந்தக் கணம் பார்த்துத் தொலைபேசி மணியாக அடித்தது.

இந்தப் பக்கம் வக்கீலம்மா காரமெல் காய்ச்சி முடித்திருந்தாள். சர்க்கரை நிறம் மாறும் அந்த இரண்டு நிமிடம் அவளிடம் யாரும் பேசக் கூடாது. கரண்டி போடாமல் பாத்திரத்தை மட்டும் சுழற்றுவாள். பொன்னிறம் தாண்டி, பழைய செப்புக் காசு நிறம் வந்ததும் வாய் அகன்ற கிண்ணங்களில் ஊற்றி, அவை ஆறட்டும் என்று சுவர்ப் பலகையில் வரிசையாக வைத்தாள். பிறகு திரும்பி நின்று பாலையும் முட்டையையும் கலந்தாள். கலந்ததை வடிகட்டி வழியாகத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் முட்டைத் திரி தங்கிவிடும். ஒவ்வொரு கிண்ணத்தின் வாயையும் வடிகட்டியால் மூடி, நிதானமாக ஊற்றினாள். வடிகட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வடிகட்டிக்குத்தான் தெரியும். பெரிய பாத்திரத்தில் துணி விரித்து, கிண்ணங்களை இறக்கி, மூடிக்குத் துண்டு கட்டி வேகவைத்து, ஆறவைத்து, குளிர்பெட்டிக்கும் அனுப்பிவிட்டாள்.

பிற்பகலில் நான் ஒரு பழைய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பட்டறை தலைகீழாகக் கிடந்தது. "இங்கதான் வெச்சேன்" என்று அப்பா மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தார். சட்டைப் பையைத் தடவினார். மெருகு மோட்டாருக்குப் பின்னால் கையை விட்டார். ஒரு கட்டத்தில் தன் வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகள் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எப்பப்பா கையில இருந்துச்சு?"

"போன் வந்தப்ப."

"போனை எடுத்த கை எது?"

"வக்கீலம்மா, தேடும்மா முதல்ல."

வாசல் மணி அடித்தது. நீதிபதி ஒரு மணி நேரம் முன்பாகவே வந்துவிட்டார். கோட்டு, கைத்தடி, உள்ளே போன கன்னங்கள். அவர் உள்ளே வந்தால் நாற்காலியில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். அன்றைக்குத் தரையில் இருந்தவரும் எழுந்தார்.

"ஆச்சா?" என்றார் நீதிபதி.

"இன்னும் கொஞ்சம் மெருகு பாக்கி ஐயா" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டது அப்போதுதான். பழக்கமில்லாததால் பாதியில் தொண்டையில் சிக்கியது. நெற்றி வியர்வையைத் துடைத்தபடி மகள் பக்கம் திரும்பி, "ஐயாவுக்கு ஏதாவது... மெத்துன்னு இருக்கா?" என்றார்.

இதற்கு முன் அவர் அவளிடம் இனிப்புக் கேட்டதே இல்லை. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கிட்டத்தட்ட ஓடினாள்.

குளிர்ந்த கிண்ணமும் தட்டும் வந்தன. நீதிபதி குனிந்து பார்த்தார்.

"இதுக்குப் பேரென்ன?"

"காரமெல் ஐயா."

"காரமில்லேன்னு பார்த்தாலே தெரியுது. பேரு என்னன்னு கேட்டேன்."

"பேரே அதுதாங்கய்யா. காரமெல். பிரெஞ்சு."

"ஷரி, ஷரி."

கத்தியை விளிம்பில் ஒரு சுற்றுவிட்டு, தட்டைக் கிண்ணத்தின் மேல் மூடினாள். "இப்ப கவுத்துடறேன் ஐயா."

"என்னைக் கவுக்கப் பார்த்தவங்க ஷிலபேர் இன்னும் உள்ளதான் இருக்காங்க" என்றார் நீதிபதி.

அவள் கவிழ்த்தாள். ஒரு தட்டு. ஒரு குலுக்கு. கிண்ணம் மேலே எழுந்தது. செம்பு நிறப் பாகு நாலாபக்கமும் வழிந்தது. இளமஞ்சளாய் நடுங்கிக்கொண்டு நின்றது அந்த இனிப்பு. அதன் உச்சியில், இளஞ்சிவப்பு ஈறுகளோடு, பாகு சொட்டச் சொட்ட, ஒரு முழு மேல்வரிசை எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

காரியம் கெட்டால் பல்லிளித்துவிட்டது என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அலமாரியில் இருந்த பிளாஸ்டர் வாய்கள் எல்லாம் திறந்தபடி வேடிக்கை பார்த்தன.

"இது," என்றார் நீதிபதி மெதுவாக, "என்னோடது."

அப்பாவின் கண்கள் சுவர்ப் பலகைக்குப் போயின. மகளின் கண்களும் அங்கேயே போயின. அந்தப் பலகையை அவர்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். தொலைபேசி மணி. அவசரம். அப்பாவின் கைக்கு எட்டிய முதல் கிண்ணம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடியைத் தோளால் தள்ளினாள். மிச்சச் சில்லறைக்காகக் கடைக்காரரிடம் சட்டப் பிரிவு சொன்ன பெண் அவள். இங்கே சாட்சி இருக்கிறது, தடயம் தட்டில் உட்கார்ந்து சிரிக்கிறது, விசாரித்த பிறகுதான் என்று அப்பா வாயாலேயே ஒப்புக்கொண்ட சட்டம் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதும், அடுப்பு ஆயுளுக்கும் அவளுடையது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு, வாடிக்கையாளர் பல்லை எங்கே வைத்தோம் என்றே தெரியாத மனிதரிடம் எந்த நீதிபதி வருவார்? யாரை அனுப்புவார்?

"என் தப்புங்கய்யா" என்றாள்.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அப்பா பத்திரமா மூடித்தான் வெச்சிருந்தார். எனக்குக் கிண்ணம் பத்தலை. உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம எடுத்துட்டேன்."

நீதிபதி நாற்காலியில் சாய்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் குறுக்கு விசாரணை என்று எதுவும் கிடைத்திருக்காது போலிருக்கிறது.

"மூடியிருந்துதுன்னா மூடியைத் திறந்திருப்பியே."

"திறந்தேங்கய்யா."

"அப்ப பார்க்கலையா?"

"பார்க்கலைங்கய்யா."

"கண்ணாடி போட்டிருக்கே."

"போட்டும் பார்க்கலைங்கய்யா."

"என்ன படிக்கிறே?"

"சட்டம்."

நீதிபதி அவளைப் பார்த்தார். பிறகு, கைகளை முன்துணியில் துடைத்துக்கொண்டே இருந்த அப்பாவைப் பார்த்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது, அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஷாட்ஷி ஷொல்றதுல நீ ரொம்ப மோஷம்" என்றார் நீதிபதி. "இதுக்கு மேல கேக்க மாட்டேன். கேட்டா கேஷு வேற பக்கம் போயிடும்."

இரண்டு விரலால் தன் பல்லைத் தூக்கித் தட்டோரத்தில் வைத்துவிட்டு, கரண்டியை எடுத்தார். பல் இருந்த இடத்தில் பதிந்திருந்த பள்ளத்திலிருந்தே தொடங்கினார். தட்டைச் சாய்த்துப் பாகையும் குடித்தார்.

அப்பா பல்செட்டைக் கழுவி பிளாஸ்டர் மாதிரியில் பொருத்திப் பார்த்தார். வெந்ததில் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் நானே வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடறேன் ஐயா" என்றார். இந்த முறை குரல் சிக்கவில்லை.

"கல்யாணம் அதுக்கு மறுநாள்தான். கொண்டு வா." எழுந்து வாசல்வரை போன நீதிபதி, கைத்தடியை ஊன்றித் திரும்பினார். "எங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கிண்ணம் தர முடியுமா? பல்லு இல்லாததா."

அவர் போன பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பை என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், தலையணையில் முகம் புதைத்துச் சிரித்துவிட்டு, ஜன்னலுக்கு வந்தேன். வக்கீலம்மா பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பைத் துடைத்தாள். முன்துணியை மடித்தாள். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரைச் சுவர்த் திறப்பு வழியாகப் பட்டறைப் பக்கம் தள்ளி வைத்தாள். ஒப்புக்கொண்ட குற்றத்துக்குத் தண்டனையையும் தானே நிறைவேற்றிக்கொண்டு, சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாள். பக்கம் புரளவில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தார்.

"வீடு இவ்வளவு அமைதியா இருக்கே. எங்க ஃபால்ட்டு?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா பட்டறையிலிருந்து.

"ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க வீட்டுலதான் மீட்டரே எரிஞ்சிருக்கும்." மகளைத் தாண்டி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். "புகார் யார் மேல யாருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா."

"பதிவு பண்ணிக்கவா, வேண்டாமா?"

அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

பட்டறையில் மோட்டார் ஓடியது, நின்றது, ஓடியது. பிறகு வெகுநேரம் ஓடவில்லை. அப்பா சமையலறைக்குள் வந்தார். அந்த அறையில் எதை எங்கே தொடுவது என்று தெரியாத ஆள். குளிர்பெட்டியைத் திறந்தார், மூடினார். மேடைமேல் மூடி வைத்திருந்த ஒரு பெரிய கிண்ணத்தைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன வழவழன்னு?"

"வெள்ளைக்கருதாம்பா. காரமெல்லுக்குக் கொஞ்சம் மஞ்சக்கரு அதிகமா போடணும். அது மிச்சம்." புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. "கொட்டிடுங்க."

"கொட்டறதா? எத்தனை முட்டையோடது?"

"அடுப்பு உங்களுது. நான் என்ன பண்ண முடியும்?"

அப்பா கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டில் குழாய் சொட்டும் சத்தம்தான் கேட்டது. அதையும் போய் இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.

"இதை அடுப்பில்லாம ஒண்ணும் பண்ண முடியாதா?"

"நுரையா அடிக்கலாம். அதுக்கு அடுப்பு வேண்டாம். ஆனா அப்புறம் பால்ல வேகவைக்கணும். அதுக்கு வேணும்."

"முதல்ல அடி." அவர் லைட்டரைப் பலகையிலிருந்து எடுத்து அடுப்பின் பக்கத்தில் வைத்தார். எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "விசாரிச்ச பிறகுதான்னு சொன்னேன்ல. நான் இன்னும் யாரையும் விசாரிக்கலையே."

"விசாரிக்கப் போறீங்களா?"

"அது எதுக்கு இப்ப."

வக்கீலம்மா எழுந்தாள். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ முன்துணியை உதறிக் கட்டிக்கொண்டு, கம்பி மத்தை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். கழுவிய ஈரம் மேடையில் இன்னும் இருந்தது. கிண்ணம் ஒவ்வோர் அடிக்கும் கல்லில் வழுக்கி வழுக்கி ஓடியது. ஒரு கையால் பிடித்தால் அடிக்க முடியவில்லை, அடித்தால் பிடிக்க முடியவில்லை.

"ஆட்டாம பிடிங்கப்பா" என்றாள்.

அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து நின்றார். அளவெடுக்கும்போது வயதானவர்களின் தாடையை எப்படிப் பிடிப்பாரோ, அப்படி, இரு உள்ளங்கைகளாலும் கீழிருந்து தாங்கி, கட்டைவிரல்கள் விளிம்பில் அழுந்தாமல் பதிய, அந்தக் கிண்ணத்தைப் பிடித்தார்.